சிரிப்பு ஒரு சொல் அல்ல

காலை பத்து மணிக்கு நாலாயிரத்து அறுநூறு நிழல்கள் தாட்சாயணியின் வரியைப் படித்தன. அவற்றுக்கு அரை நொடி போதும். திரையில் எண் விழுந்தது.

முப்பத்தொன்று.

“பரீட்சைலயே பாஸ் மார்க் முப்பத்தஞ்சு தாட்சா,” என்றான் தணிகைவேல். நிழலவையைப் பராமரிப்பது அவன் வேலை. “அதுக்கும் கீழ போயிட்டியே.”

தாட்சாயணி பொதுவாகவே அதிகம் பேசமாட்டாள். விளம்பர நிறுவனத்தில் வரி எழுத வந்ததே, பேசாமல் எழுதினால் போதும் என்று நினைத்துத்தான்.

“எத்தனையாவது இது?”

“நாப்பது.”

தணிகைவேலின் கிண்டல் நின்றுவிட்டது. தொடர்ந்து நாற்பது வரிகள் தோற்றால் எழுதுபவரை மெருகுப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே யாரும் எழுதுவதில்லை. இயந்திரம் சொல்லும் திருத்தங்களுக்கு ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அங்கே போன யாரும் திரும்பி வந்ததில்லை. இன்று செவ்வாய். வெள்ளிக்கிழமை மாலை முடிவு பதிவேறும்.

நிழல் என்பது ஒரு மனிதருடைய ரசனையின் பிரதி. பல ஆண்டுகளுக்கு முன் நிறுவனம் ஆட்களைப் பத்துப் பத்துப் பேராக ஓர் அறையில் உட்காரவைத்து, விளம்பரங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டது. அவர்கள் சொன்னதெல்லாம் எழுத்தாக்கப்பட்டது. அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு கணிப்பு உரு செய்தார்கள். புதிய விளம்பரத்தைக் காட்டினால் அந்த மனிதர் என்ன சொல்வாரோ அதையே நிழலும் சொல்லும். அதன்பின் மனிதர்களை அழைக்க வேண்டியிருக்கவில்லை. நிழல்களின் பதில்களைச் சொல்நிறை அட்டவணை எடைபோட்டு, நூற்றுக்கு இத்தனை என்று ஓர் இசைவெண் தரும். இசைவெண் தொண்ணூறுக்குக் குறைந்த எதுவும் வாடகைப் பலகைகளில் ஏறக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது.

ஆகவே நகரம் அமைதியாக இருந்தது. பலகைகள் எல்லாம் வெளிர்நீலம். இடது ஓரத்தில் புன்னகைக்கும் நால்வர் குடும்பம். வங்கிக்கும் சிமென்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ‘என்றும் உங்களுடன்’ என்ற ஒரே வரி. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளும் நிழலவைக்குப் போய்வர ஆரம்பித்தபின், இறந்தவர் படத்துக்குக் கீழே ‘என்றும் எங்களுடன்’ என்று வந்தது. போன மாதம் ஒருவர் சிமென்ட் பலகை முன்னால் நின்று கைகூப்பிவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்ததாகத் தணிகைவேல் சத்தியம் செய்தான்.

தாட்சாயணியின் காதுக்கருவி வரிக்கு இயந்திரத்தின் திருத்தம் திரையில் வந்தது.

‘என்றும் உங்கள் காதுடன்.’ இசைவெண் தொண்ணூற்று நான்கு.

“ஏத்துக்கோ,” என்றான் தணிகைவேல். “கணக்கு சுழியத்துக்குப் போயிடும். தப்பிச்சுக்கலாம்.”

தாட்சாயணியின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. அழுத்தவில்லை.

*

காதுக்கருவி செய்யும் மெஹருன்னிசா பதினோரு மணிக்கு வந்தார். பொறியாளர். புரசைவாக்கத்தில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே சொந்தக் கடை. பட்டாணி அளவில் அவர் செய்த கருவிக்குக் ‘கேள்வி’ என்று பெயர் வைத்திருந்தார். கருவி நன்றாக இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை.

“கண்ணாடி போடுறான், பல்லு கட்டிக்கிறான், முடி நட்டுக்கிறான்,” என்றார் உட்காரும்போதே. “காதுல ஒரு பட்டாணிய வெய்யின்னா மட்டும் மானம் போவுதாம். எங்கேம்மா, எழுதினதக் காட்டு.”

தாட்சாயணி திரையைத் திருப்பினாள். இரண்டே வரி.

*உடனே ‘சரி’ன்னுட்டாரா?*
*அப்போ காதுல விழலை.*

மெஹருன்னிசா படித்தார். மறுபடி படித்தார். மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

“அடிப்பாவி!”

தாட்சாயணி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

“எங்க வூட்டுக்குள்ள எப்ப வந்த நீ? முப்பது வருசமா அந்த மனுசன் ‘சரி சரி’ங்கறாரு. நானும் தங்கமான மனுசன், எதுத்தே பேசமாட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கேன்! நாசமாப் போறவளே!” துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. “எப்ப பலகைல ஏறுது?”

“ஏறாது மேடம். முப்பத்தொண்ணுதான் வந்திருக்கு.”

“என்ன முப்பத்தொண்ணு?”

தணிகைவேல் நிழல்களின் பதில்களைத் திரையில் உருட்டிக் காட்டினான். ‘படுபாவி.’ ‘வாயைப் பாரு.’ ‘கொழுப்பு.’ ‘எவன்டா இதை எழுதினது?’ ‘எங்க வீட்டுல கேமரா வச்சிருக்கானா?’ ‘ச்சீ, போங்க.’ நாலாயிரம் பதில்களுக்கு மேல் இப்படியே போயின.

“எல்லாமே வசை,” என்றான். “அட்டவணைல ‘பாவி’க்கு மைனஸ் பத்து. ‘நல்லா இருக்கு’க்கு ப்ளஸ் பத்து. ‘பரவாயில்லை’க்கு ப்ளஸ் ஆறு. உங்களுக்கே ரெண்டு வசை வந்துச்சு மேடம். நீங்க நிழலா இருந்தா மைனஸ் இருபது.”

“நான் சிரிச்சேனேப்பா!”

“சிரிப்பு கணக்குல வராது. எழுத்தாக்கும்போதே இருமல், தும்மல், கப் சத்தம், சிரிப்பு எல்லாத்தையும் இரைச்சல்னு எடுத்துடும். சிரிப்பு ஒரு சொல் இல்லையே.”

மெஹருன்னிசா உதட்டைச் சுழித்தார். “எங்க மொத கருவியிலயும் இதே கூத்துதான். இரைச்சல வெட்டப் போயி சிரிப்பையும் சேத்து வெட்டிருச்சு. போட்டுப் பாத்தவன் என்னா சொன்னான் தெரியுமா? ‘எல்லாரும் எம்மேல கோவமா இருக்கற மாரியே இருக்கு’ன்னான்.”

தாட்சாயணிதான் முதலில் பேசினாள். அது அவளுக்கே புதிது.

“தணிகை, பழைய ஒலிப்பதிவெல்லாம் இருக்கா?”

*

இருந்தது. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். தணிகைவேல் ஏதோ மூன்று எண்களைத் தேர்ந்தெடுத்தான். தாட்சாயணி செவிப்பேசியை மாட்டிக்கொண்டாள்.

முதல் பதிவில் ஓர் ஆண். பின்னால் தட்டுகளின் சத்தம். கூட்டத்தை நடத்துபவர் அன்பாகச் சொன்னார்: “போண்டா சூடா இருக்கு, எடுத்துக்குங்க சார். இந்த வங்கி விளம்பரம் எப்படி?” வாய் நிறைய போண்டாவோடு பதில் வந்தது: “நல்லா இருக்குங்க.” அடுத்தது? “பரவாயில்லைங்க.” அடுத்தது? “நல்லா இருக்கு, நல்லா இருக்கு.”

இரண்டாவது பதிவில் ஒரு பெண். அதே போண்டா. அதே பதில்.

தாட்சாயணிக்குப் புரிந்தது. ஒருவர் வீட்டுக்குப் போய் அவர் கொடுத்ததைத் தின்றுகொண்டே, அவர் காட்டுவதைக் குறை சொல்ல யாரால் முடியும்? ‘நல்லா இருக்கு’ என்றது விளம்பரத்தைப் பற்றியதே அல்ல. அது போண்டாவுக்குச் சொன்ன நன்றி.

மூன்றாவது பதிவு, எண் 2217. நடத்துபவர் கேட்டார்: “நீங்க சொல்லும்மா.” மிக மெல்லிய குரல் ஒன்று, “நல்லா இருக்குங்க,” என்றது.

தாட்சாயணி செவிப்பேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அது அவளுடைய குரல். இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஒரு தோழி இழுத்துக்கொண்டு போன கூட்டம் அது. அவள் அன்று நாற்பத்து நான்கு முறை ‘நல்லா இருக்கு’ சொன்னாள். எதைப் பார்த்து என்று ஒன்றுகூட நினைவில் இல்லை.

பிறகு ஒரு குடை விளம்பரம் வந்தது. நடத்துபவர் வாசித்தார்: “மழைக்கு மட்டுமல்ல. எதிரே சொந்தக்காரங்க வந்தாலும் விரிக்கலாம்.” மெல்லிய குரல் களுக்கென்று சிரித்தது. வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியாமல் சிரித்தது. “ச்சீ, போங்க!”

எழுத்துப் பிரதியில் 2217, குடை, ‘ச்சீ, போங்க’ என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் மைனஸ் எட்டு.

அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே அந்தக் குடை இருந்தது. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் வாங்கியது. ஆறு வருடமாக மழைக்கும் சொந்தக்காரர்களுக்கும் அதுதான்.

திரையில் இன்றைய பதில்களைத் தேடினாள். அவளுடைய புதிய வரியைப் பார்த்து நிழல் 2217 சொன்னது: ‘ச்சீ, போங்க.’

நாலாயிரத்து அறுநூறு பேரில் ஒருத்தி என்ன நினைத்து அதைச் சொன்னாள் என்று அவளுக்கு ஐயமில்லாமல் தெரியும். மற்றவர்களும் சிரித்துக்கொண்டுதான் திட்டியிருக்கிறார்கள்.

*

படைப்புப் பிரிவின் தலைவர் ஜெரால்டு. எதற்கும் கோபப்படாத மனிதர். எதையும் எழுதாத மனிதரும்கூட. அவர் அறைக்குள் தாட்சாயணி தானாகப் போனது அன்றுதான் முதல் முறை. மெஹருன்னிசாவும் தணிகைவேலும் பின்னால் நின்றார்கள்.

அவள் நேற்றுவரை பேசியதையெல்லாம் கூட்டினாலும் வராத அளவுக்கு ஐந்து நிமிடம் பேசினாள். இடையில் நிறுத்தவில்லை. போண்டா, இரைச்சல், 2217.

ஜெரால்டு பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தார். “எந்தக் குடை விளம்பரம்?”

சொன்னாள்.

பேனா நின்றது.

“அது நான் எழுதினதும்மா.”

அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

“நிழலவை வந்த புதுசு. என்னோட பழைய வரியை எல்லாம் போட்டுப் பாத்தாங்க. குடைக்கு இருபத்தொன்பது. நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கு நம்ம எழுத்து பிடிக்கலன்னா அப்புறம் என்ன இருக்கு? அன்னைக்கு விட்டேன். கையெழுத்து போடுற வேலைக்கு வந்துட்டேன்.”

தாட்சாயணி குடையை மேசைமேல் வைத்தாள். ஓரம் பிய்ந்து, ஒரு கம்பி வளைந்திருந்தது. ஜெரால்டு அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“படுபாவி,” என்றார் மெல்ல. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

பிறகு தொண்டையைச் செருமினார். “அட்டவணைய என்னால மாத்த முடியாது. ஆட்சிக்குழுவுக்கு ஆதாரம் வேணும். ஒரு போண்டா ஆறு வருசமா தப்பு பண்ணிடுச்சுன்னு போய்ச் சொல்ல முடியுமா? நிஜ ஆளுங்ககிட்ட நிரூபிக்கணும். ஆனா தொண்ணூறு இல்லாம பலகைல ஏத்த முடியாது. வெள்ளிக்கிழமை நான் உன் மாற்றல் தாள்ல கையெழுத்து போட்டே ஆகணும்.”

“வாடகைப் பலகைலதான?” என்றார் மெஹருன்னிசா. “என் கடைச் செவுத்துல நான் எத எழுதினாலும் எவன் கேப்பான்? நாளைக்கே பெயின்டர கூப்பிடறேன். வியாழக்கெழம காலைல மூணு பேரும் வந்து நில்லுங்க.”

*

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. புரசைவாக்கம் நிறுத்தத்தில் முப்பது பேர் பேருந்துக்குக் காத்திருந்தார்கள். எதிர்ச்சுவர் மஞ்சள். ஆள் உயர எழுத்துகள் கறுப்பு. வெளிர்நீலத்துக்குப் பழகிய கண்களுக்கு அந்த மஞ்சளே ஒரு கூச்சல் மாதிரி இருந்தது. கீழே சிறிதாக: ‘கேள்வி. காதுக்கருவி. உள்ளே வந்து சோதித்துப் பாருங்கள்.’

தாட்சாயணி ஜெரால்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். ஒரு நிமிடம் யாரும் நிமிர்ந்தே பார்க்கவில்லை. சுவர்களைப் பார்க்கும் வழக்கம் ஊருக்கு விட்டுப்போயிருந்தது.

பூக்கூடையோடு நின்ற ஒரு பெண்தான் முதலில் படித்தாள். பக்கத்தில் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள்.

“ஏங்க, நம்ம பூக்கூட ரயில்ல போயிடுச்சு.”

“சரி, சரி,” என்றான் அவன்.

நிறுத்தமே வெடித்தது. ஒரு நடத்துநர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே, “எவன்டா அவன், வூட்டுக்குள்ள பூந்து பாத்த மாரியே எழுதிக்கிறான்!” என்று கத்தினார். “வாய்க்கொழுப்புடி இவனுகளுக்கு,” என்று ஒரு வங்கி ஊழியை தோழியின் தோளில் அறைந்தாள். ‘பாவி’, ‘படுபாவி’, ‘கட்டையில போக’. வசைகள் பட்டாசு மாதிரி விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் தாட்சாயணியின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

பூக்காரியின் கணவனுக்கு முகம் சிவந்துவிட்டது. “எனக்கா கேக்கல? வா, உள்ள போயி நிரூபிக்கிறேன்!” விறுவிறுவென்று சாலையைக் கடந்து கடைக்குள் போனான். அவனைப் பார்த்து இன்னும் நான்கு ஆண்கள் போனார்கள். காது கேட்காதவன் என்று போக யாருக்கும் துணிவில்லை. கேட்கும் என்று நிரூபிக்கப் போவதில் வெட்கமில்லை.

பத்து நிமிடம் கழித்து அவன் காதில் பட்டாணியோடு வெளியே வந்தான். நின்றான். தலைக்குமேல் மின்கம்பியைப் பார்த்தான்.

“குருவியெல்லாம் இன்னும் இருக்குதா?” என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. பூக்காரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “நாசமாப் போறவன், எவன் எழுதினானோ, நல்லா இருக்கணும்,” என்றாள் சுவரைப் பார்த்து.

சாயங்காலத்துக்குள் அந்தச் சுவரின் படம் நகரம் முழுக்கக் கைமாறியது. மறுநாள் கடைவாசலிலிருந்து வரிசை தெருமுனை தாண்டி நின்றது. மெஹருன்னிசா தொலைபேசியில் அழுதார். “ஒண்ணுகூட மிச்சமில்லடி, பாவி! எங்க வூட்டுக்காரரே வரிசைல நிக்கிறாரு!”

வெள்ளிக்கிழமை மாலை ஜெரால்டு மாற்றல் தாளை எடுத்தார். நான்காக மடித்து, குடையின் வளைந்த கம்பிக்கு முட்டுக்கொடுத்துக் கட்டினார். குடையைத் தாட்சாயணியிடம் நீட்டினார்.

“நாப்பதுன்னு யாரு சொன்னா? எனக்கு எண்ணத் தெரியாதும்மா.”

*

ஆட்சிக்குழு அட்டவணையைத் தலைகீழாக்கியது. ‘பாவி’க்கு ப்ளஸ் பத்து. ‘நல்லா இருக்கு’க்கு மைனஸ் பத்து. தாட்சாயணியின் தோற்றுப்போன மற்ற முப்பத்தொன்பது வரிகளில் முப்பத்தாறு ஒரே காலையில் தொண்ணூறைத் தாண்டின.

அதன்பின் மூன்று மாதம் நகரம் சிரித்தது. பலகைகளில் சிவப்பு வந்தது, பச்சை வந்தது. சிமென்ட் விளம்பரத்தைப் படித்து முடிப்பதற்காக ஓட்டுநர்கள் பச்சை விளக்கிலும் நின்றார்கள். இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டவர்கள் எழுதியவரைத் திட்டினார்கள். தாட்சாயணிக்குத் தனி அறை கொடுத்தார்கள். அவள் அங்கே அதிகம் உட்காரவில்லை. காலை வேளைகளில் புரசைவாக்கம் நிறுத்தத்தில், குடைக்குக் கீழே, காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

பழைய நிழல்களுக்கு வயதாகிவிட்டது, புதிய நிழல்கள் வேண்டும் என்று நிறுவனம் முடிவு செய்தது. மறுபடி ஆட்களை அழைத்தார்கள். புதிய நிழல்கள் அன்றன்றே உருவாயின. மூன்றாம் நாள் கூட்டத்தைத் தாட்சாயணி கதவோரம் நின்று பார்த்தாள்.

“தயங்காதீங்க,” என்றார் நடத்துபவர். “எங்களுக்கு வேண்டியது வசைதான். வாய்விட்டுத் திட்டுங்க. போண்டா சூடா இருக்கு, எடுத்துக்குங்க.”

வெளிர்நீலத்தில் பழைய வங்கி விளம்பரம் ஒன்றைச் சோதனைக்குக் காட்டினார்கள். ‘என்றும் உங்களுடன்.’

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் போண்டாவை விழுங்கினார். மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “படுபாவிங்க,” என்றார். பிறகு கவலையோடு கேட்டார்: “போதுமா சார்? இன்னும் கொஞ்சம் திட்டணுங்களா?”

பக்கத்து அம்மாள், “நாசமாப் போக,” என்று சொல்லிவிட்டுக் காபிக்கு நன்றி சொன்னார்.

யாரும் சிரிக்கவில்லை.

தாட்சாயணி நேராக ஜெரால்டின் அறைக்குப் போனாள். அவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. திரையில் ஒரு வரியும் ஓர் எண்ணும். ஆறு வருடத்துக்குப் பிறகு அவரே எழுதிய வரி, புதிய நிழல்களிடம் போய் வந்திருந்தது. தொண்ணூற்று எட்டு.

“பாத்தியா!” என்றார்.

அவள் வரியைப் படித்தாள். சிரிப்பு வரவில்லை. முன்பென்றால் ‘நல்லா இருக்கு சார்’ என்றிருப்பாள்.

“இது நல்லா இல்ல சார்,” என்றாள். “அங்க எல்லாத்துக்கும் தொண்ணூத்தெட்டுதான் வரும். வெளிர்நீலத்துக்கும் அதேதான். திட்டச் சொல்லிப் போண்டா குடுக்கறோம், அவங்க மரியாதைக்குத் திட்டறாங்க. நாம மறுபடியும் போண்டாவைத்தான் அளக்கறோம்.”

ஜெரால்டின் கண்கள் எண்ணிலேயே இருந்தன.

“சரி, சரி,” என்றார் உடனே.

தாட்சாயணி கைப்பையிலிருந்து மெஹருன்னிசா கொடுத்த சிறிய டப்பாவை எடுத்தாள். அவர் மேசையின் நடுவில் ஒரு ‘கேள்வி’யை வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குக் கிளம்பினாள்.